இரண்டாவது சாட்சிக்கு ஒரு பெண்

உன் கறுப்புக் கோட்டு இப்போது என் அறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. போன வாரம் உன் அம்மா அதை மடித்து, நடுவில் இரண்டு அந்துருண்டை வைத்து, மஞ்சள் பையில் கொண்டுவந்தார். விரித்ததும் அந்துருண்டை வாசத்துக்கு அடியில் கோர்ட்டுக் காகிதத்தின் வாசம், அதற்கும் அடியில் நீ பூசும் சந்தனப் பவுடர். "மத்ததெல்லாம் அவுக எடுத்துக்கிடட்டும் மக்கா. இதைக் குடுக்க மட்டும் மனசு வரல" என்றார். சட்டப்படி இந்தக் கோட்டும் உன் புருஷன் வீட்டாருடையதுதான். நானும் உன் அம்மாவும் அதைத் திருடி வைத்திருக்கிறோம். எங்களுக்காக வாதாட உள்ளூரில் நம்பகமான வக்கீல் யாரும் இப்போது இல்லை.

வழக்கில்லாத மதியங்களில் மற்ற வக்கீல்கள் செய்தித்தாள் படிப்பார்கள். நீ மூவாயிரம், நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய சட்டங்களைப் படிப்பாய். பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு நான் வந்ததும், கோர்ட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் அன்றைய பாடம் நடக்கும். பாபிலோனில் ஒருத்தியை ஊர் தப்பாகப் பேசினால், புருஷனின் மானத்துக்காக அவள் ஆற்றில் குதிக்க வேண்டும்.

"நல்லவேளை, நம்மூர்ல ஆறு கிடையாது" என்றேன்.

"ஆறு இல்லாட்டி என்னட்டி, கிணறு இருக்குல்லா."

இருவரும் சிரித்தோம். அந்த வாரம் உன் மேசையில் அப்படியொரு வழக்கு இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நம் பக்கத்துத் தர்ம நூல்கள் இன்னும் அக்கறையானவை என்பாய். தகப்பன், புருஷன், மகன் என்று பெண்ணைக் கை மாற்றிக்கொண்டே வந்தன. புருஷனும் போய்ப் பிள்ளையும் இல்லாதவளைப் புருஷனின் பங்காளிகளிடம் ஒப்படைத்தன. ஆளில்லாமல் மட்டும் யாரையும் விட்டதில்லை.

பழங்கதை என்று கேட்டுக்கொண்டிருந்த என்னிடம் ஒருநாள் கேட்டாய்: "நான் செத்தா என் வீடு யாருக்கு, சொல்லு பாப்போம்."

"அம்மாவுக்கு."

"நீ ஃபெயில். எங்க வீட்டுக்காரவுக அண்ணனுக்கு."

பிள்ளையில்லாத இந்து விதவை உயில் எழுதாமல் போனால், அவள் உழைத்துக் கட்டிய வீடு முதலில் கணவனின் வாரிசுகளுக்கு. பெற்றவளின் முறை அதற்குப் பிறகு. கணவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன்னைச் சிவகிரியிலிருந்து பஸ் ஏற்றிவிட்ட குடும்பம் அது. "இது பாபிலோன்ல கல்லுல வெட்டினது இல்லட்டி. பார்லிமெண்டுல எழுதினது" என்றாய்.

அன்றே உயிலை எழுதினாய், வீடு அம்மாவுக்கு. இரண்டு சாட்சிகள் போதும். உன் குமாஸ்தா பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். "வக்கீலம்மா, நானும் டீக்கடை அண்ணாச்சியும் போட்டுடுதோம். ரெண்டு நிமிச வேலை."

"ரோமாபுரியில உயிலுக்கு ஏழு சாட்சி வே. ஏழும் ஆம்பளை. பொம்பளை கையெழுத்து செல்லாது. இங்க செல்லும்லா? ரெண்டும் பொம்பளையாவே இருக்கட்டும்."

நான் உடனே போட்டேன். அதை என் துணிச்சல் என்று எல்லோரிடமும் சொன்னாய். உண்மையில் எனக்குக் கேட்க ஆள் இல்லை, கல்யாணம் ஆகாதவள். தவிர, கையெழுத்துப் போடுவதில் எனக்கு முன்னனுபவம் உண்டு. அப்பாவின் வீட்டில் என் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்த பத்திரத்தில், படித்துக்கூடப் பார்க்காமல் போட்டவள் நான். "உனக்கு எந்தச் சட்டம் வந்தாலும் வீண்டி" என்று ஒரு மாதம் என்னிடம் பேசாமல் இருந்தாயே.

இரண்டாவது பெண்ணைத் தேடத் தொடங்கினோம். பக்கத்து வீட்டுக்காரி பேங்க் மேனேஜர். அவள் கையெழுத்தில்லாமல் பாதி ஊருக்கு நகைக்கடன் கிடையாது. "அவுகட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுடுதேன்க்கா. கோர்ட்டுக் காகிதம்னா அவுகளுக்குப் பயம்" என்றாள். கேட்டாளோ என்னவோ, பிறகு தெருவில் நம்மைக் கண்டால் செல்போனில் பேசத் தொடங்கினாள். தலைமையாசிரியை ஒருவர், கணவர் சம்மதித்துவிட்டார், மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றார். கடைசியாக நீ விவாகரத்து வாங்கிக்கொடுத்த பெண். அடித்த புருஷனிடமிருந்து அவளை மீட்க நாலு வருடம் நடந்தாய்.

"அண்ணன்ட்ட கேக்கணும்லா வக்கீலம்மா" என்றாள்.

திரும்பி வரும்போது, "ஆம்பளை ரெண்டு பேரைப் போடச் சொல்லிடு, பாவி" என்று கெஞ்சினேன். "அடுத்த மாசம் ஒருத்தி கிடைப்பா, பாரு" என்றாய். அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது, மூன்றே நாளில் போய்விட்டாய். ஒரே சாட்சியின் கையெழுத்துள்ள உயிலைக் குமாஸ்தா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செல்லாதும்மா" என்று சொல்லி அழுதார்.

உன் கணவரின் அண்ணன் வாரிசுச் சான்றிதழோடு வந்தார். மரியாதையானவர். செருப்பை வெளியே கழற்றி, உன் படத்தைக் கும்பிட்டு, அப்புறம்தான் பேசினார். "அவசரமே இல்ல அத்தே. ஆடித் தபசு கழியட்டும்." திருவிழா கழிந்தது. தவம் முடிந்து அம்மன் கோவிலுக்குத் திரும்பிய மறுநாள் உன் அம்மா வீட்டைவிட்டு இறங்கினார்.

என் வாசற்படியில் நின்றுகொண்டே கேட்டார்: "நான் இங்கன இருக்கதுக்கு உன் தம்பிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டியா மக்கா?"

"கேட்டாச்சும்மா. எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கச் சொல்லிட்டான்."

கேட்டது உண்மை. நான் குடியிருக்கும் அப்பாவின் வீடு இப்போது அவனுடையது என்பதால் முந்தின நாளே போன் செய்திருந்தேன். தம்பி கெட்டவன் இல்லை. "ஒரு மாசம்னா இருக்கட்டும்க்கா. அதுக்கு மேல நல்லா இருக்காது" என்றான். தனியே வீடு பிடிக்க, பென்ஷன் இல்லாத பள்ளியில் வேலை பார்த்து இந்த வருடம் ஓய்வு பெற்ற என்னால் முடியாது.

இன்று எட்டாம் நாள். காலையில் உன் அம்மா கொல்லையைக் கொத்தி அவரை விதை ஊன்றினார். "ரெண்டு மாசத்துல காய்ச்சிரும் மக்கா. அதுக்குள்ள ஒரு பந்தல் போட்டுடணும்" என்றார்.

கம்பு வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு மாதத்தை மட்டும் இன்னும் சொல்லவில்லை.