கதவில் ஏறி ஆற்றைக் கடந்தவர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாகத்தான் இருப்பாய், அது எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதிப் பழகின கை, இந்தத் தடவை என் முழங்கால் வலி குறைந்திருப்பதை மட்டும் நலத்தில் சேர்த்துக்கொள். மருமகள் அனுப்பின கம்பளிச் சட்டை அப்பாவுக்குத் தோளில் தொங்குகிறது, ஆள் அவ்வளவு இளைத்துவிட்டார், இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அக்கா குழந்தைக்குப் பல் முளைத்துக் கண்டவரையெல்லாம் கடிக்கிறதாம். பாட்டி குணம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். சொல்லட்டும், இன்று அந்தக் குணத்தோடுதான் உனக்கு எழுதுகிறேன்.

போன வாரம் அப்பாவின் அகராதிக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. எந்த அகராதி என்று நீ கேட்டாலும் கேட்பாய். கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பா அருங்காட்சியகத்து நிலவறையில் விளக்கை இடப்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, செத்துப்போன சுமேரிய மொழியைக் களிமண் பலகைகளில் கீறல் கீறலாகப் படித்தாரே, அந்த அகராதி. தெருப் பிள்ளைகள் மண்ணாங்கட்டி மாமா என்று கூப்பிட்டார்கள், கூட்டத்தோடு சேர்ந்து நீயும் ஒருநாள் கூப்பிட்டாய், அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் தையல் மெஷினை மிதித்து வீட்டை ஓட்டினேன். அந்த அகராதிக்கு உயிரே ஒரு பாதிப் பலகைதான். சுமேரியச் சொற்கள் வரிசையாக இருக்கும் இடது பாதி இங்கே இருக்கிறது, எதிரே, அவரால் படிக்க முடிந்த இன்னொரு பழைய மொழியான அக்காடியத்தில் அர்த்தம் எழுதியிருந்த வலது பாதி எப்போதோ உடைந்து எங்கோ போய்விட்டது. உன் ஊர்க் காட்சியகத்தில் கிடக்கும் ஒரு துண்டு அதுவாக இருக்கும் என்று அவருக்கு உள்ளூர ஒரு எண்ணம். கடிதம் போட்டால் அவர்கள் பதில் எழுத மாட்டார்கள், நேரில் போய்க் கேட்டால் காட்டுவார்கள். அதனால்தான் நம் பலகையின் உடைந்த விளிம்பைப் பிளாஸ்டரில் வார்த்து, நீ கிளம்பின அன்று உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தார். அந்தத் துண்டோடு ஒருதரம் சேர்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் உனக்கு வேலை. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் போனாயா, போனாயா என்று கேட்டார். கடைசியில் நீ எழுதினாய்: போனேன், வைத்துப் பார்த்தேன், நிறம் நம் பலகை மாதிரியே பழுப்புதான், ஆனால் விளிம்பு பொருந்தவில்லை. அவர் அதோடு விட்டுவிட்டார். ஒற்றைப் பாதியை வைத்துக்கொண்டு அர்த்தங்களை ஊகித்து எழுதினார். நேரில் பார்த்துச் சொன்ன என் மகனுக்கு நன்றி என்று முன்னுரையில் அச்சடித்தும் வைத்தார்.

கூட்டத்தில் அவருடைய பழைய உதவியாளர், நாம் ஒல்லிக்குச்சி என்போமே அந்தப் பெண், எழுந்து வந்தாள். போன மாதம்தான் உன் ஊருக்குப் போய்வந்தாளாம். இரண்டு விளிம்பின் அச்சையும் மேடையில் வைத்துச் சேர்த்தாள். டக்கென்று உட்கார்ந்தது, முன்வரிசையிலிருந்து நானே பார்த்தேன். பிறகு வலது பாதியைப் படித்தாள். அப்பா படகு வகைகள் என்று பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் கதவு வகைகளாம். இரண்டும் மரச் சாமான் என்பது ஒன்றுதான் சரி. பின்னால் ஒருத்தன், “பெரியவர் கதவுல ஏறி ஆத்தைக் கடந்துட்டாரு” என்றான். சபை முழுக்கச் சிரித்தது. அவருக்கு மாலை போட வந்தவர்களும் சிரித்தார்கள். ஒல்லிக்குச்சி சிரிக்கவில்லை. அந்தத் துண்டு உறுதியாக இருக்கட்டும் என்று அந்தக் காட்சியகத்தார் எப்போதோ சூளையில் வைத்துச் சுட்டுவிட்டார்களாம், செங்கல் சிவப்பில் இருக்கிறதாம், பார்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள், உங்கள் மகன் சொல்லவில்லையா என்று கேட்டாள்.

அப்பா எழுந்தார். “சொன்னான். சிவப்புன்னுதான் சொன்னான். பொருந்துதுன்னும் சொன்னான். நான்தான் நம்பல” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷன், உனக்காகச் சொன்ன முதல் பொய்யில் தன் ஆயுசை எழுதிக் கொடுத்துவிட்டார். தெரிந்தே தப்பாக எழுதினார் என்று அகராதியைத் திரும்பப் பெறுகிறார்கள். நிலவறைச் சாவியை அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸில் வரும்போது ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன், பாவம், அவனுக்கு வேலை இருந்திருக்கும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அறைந்திருப்பேன், நீ எட்டாத தூரத்தில் இருக்கிறாயே. மறுநாள் உன் வீட்டுக்குப் போன் போட்டேன், நீ வேலைக்குப் போயிருந்தாய். அந்தப் பிளாஸ்டர் அச்சு எங்கே என்று மருமகளிடம் கேட்டேன். பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். நல்ல பெண், அது என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. பரவாயில்லை, அப்பாவின் படிப்பு உன் வீட்டுக் கதவுக்காவது உதவியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பாதியையும் ஒட்டி வைக்க நம் பலகையை உன் ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு இப்போது கண் மங்கிப்போய்விட்டது, இனித் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவ்வளவு தூரம் அவர் வரவும் முடியாது. ஆனாலும் இரண்டு நாளாக ஆள் தெளிவாக இருக்கிறார், சேர்ந்திருப்பதை நம் பையன் பார்த்து எழுதுவான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அதனால் சொல்கிறேன், நீ போக வேண்டாம். போனாலும் எழுத வேண்டாம். நீ எதை எழுதினாலும் அந்த மனுஷன் நம்பிவிடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மருமகளைக் கோபித்துக்கொள்ளாதே. பெற்ற வயிறு, சபிக்க வரவில்லை, அதனால் நன்றாக இரு. அடியில் எப்போதும்போல அப்பாவுக்கு இடம் விட்டிருக்கிறேன். மேலே நான் எழுதியதை அவரால் படிக்க முடியாது.

மண்ணாங்கட்டியின் மனைவி,
உன் அம்மா

கண்ணா, துண்டு சிவப்பாக இருக்கும், தேட வேண்டியதில்லை. விளக்கை இடப்பக்கம் வைக்கச் சொல். போய்ப் பார்த்துவிட்டு எழுது. அவசரமில்லை. அப்பா.