பிரீசரில் இருந்த அறுபத்தெட்டு அணிகள்

ஏழு கடலுக்கும் இப்பால் தோல்வியே காணாத கூடைப்பந்துச் சோதிடச் சக்கரவர்த்தியே, என் அன்பு மச்சான் நேசா,

நீ ஜனவரியில் போன பிறகு வந்த முதல் மார்ச் இது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்கு எந்த அறுபத்தெட்டு அணிகள், யாருக்கு எத்தனையாம் இடம் என்று தேர்வுக் குழு போன ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அறிவித்தது. அங்கே டிவி இருக்கிறதோ தெரியாது. இல்லாவிட்டாலும் உனக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்கும். என் சந்தேகமே அதுதானே.

பதினொரு வருடம், மச்சான். நாம் இருவரும் அறிவிப்புக்கு முன்னரே பட்டியல் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, உன் மனைவியும் என் தங்கச்சியுமான சாந்தியிடம் கொடுப்போம். அவள் இரண்டையும் உங்கள் டொலார்ட் வீட்டுப் பிரீசரில், அறக்குளா மீன் பைக்கு அடியில் வைப்பாள். பதினொரு வருடமும் நீதான் வென்றாய். துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றி நியூயோர்க் பக்கம் லொறி ஓட்டும்போது ரேடியோவில் கேட்டுக் கேட்டு வந்த ஞானம் என்றாய். ரேடியோ என்னிடமும் இருந்தது. எனக்கு ஏன் வரவில்லை?

முதல் நான்கு இடங்களை விடு. அதை அஹுன்ட்சிக்கில் பஸ்ஸுக்கு நிற்கிற எவரும் சொல்லிவிடுவார். விளிம்பில் தொங்குகிற கடைசி நான்கு அணிகள்தான் மனிதனின் ஈரலைத் தின்னும். அவை உள்ளேயா வெளியேயா என்று குழுவுக்கே கடைசிவரை தெரியாது. நான் ஒன்றை உள்ளே வைத்தால் நீ அதையே வெளியே வைத்திருப்பாய். குழுவும் வெளியே வைக்கும். என் உறையைத் திறந்து பார்க்காமல் ஒருவன் இப்படி எழுத முடியுமா?

ஒரு வருடம் உறையின் வாயில் என் தலைமயிர் ஒன்றை வைத்து ஒட்டினேன். எனக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று உனக்குத் தெரியும். அடுத்த வருடம் மெழுகு உருக்கி முத்திரை வைத்தேன். பையில் எத்தனை மீன் துண்டு என்றுகூட எண்ணி வைத்தேன். "மச்சான், உனக்கு ஆளை நம்பவும் தெரியாது, அணியைப் பிடிக்கவும் தெரியாது," என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில்தான் நான் கெட்டேன். நாற்பது பேர் இலைக்கு முன்னால் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உனக்கு அந்த அமைதி பிடிக்காது என்று நினைத்து, உரத்த குரலில் கேட்டேன்: "சாந்தி, இப்பவாவது உண்மையைச் சொல்லு. இந்தக் கள்ளனுக்குப் பிரீசரைத் திறந்துவிட்டது நீதானே?"

நாலு பேர் சிரித்தார்கள். சாந்தி கரண்டியைக் குழம்புக்குள் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதோடு என்னோடு கதைப்பதும் நின்றது. தொலைபேசி எடுத்தால் உன் மகள் துளசி, "அம்மா குளிக்கிறா, மாமா," என்பாள். நாலு கிழமை, ஒரு மாதம் முழுக்க, தொடர்ந்து குளித்த பெண் உலகத்தில் என் தங்கச்சி ஒருத்திதான். செயின்ட் லோறன்ஸ் ஆறு அடிமண் தெரிய வற்றியிருக்க வேண்டும். கோயிலில் கண்டபோது என்னைத் தூணைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். தூணுக்காவது திருநீற்றுத் தட்டை நீட்டியிருப்பாள்.

பகிடி விட்டு ஒரு தங்கச்சியைத் தொலைத்தவன் என்று என் மரண அறிவித்தலில் எழுதிவிடப் போகிறார்களோ என்று பயந்து போயிருந்தேன், மச்சான். சொந்தம் என்று எனக்கு இந்த ஊரில் மிஞ்சியிருப்பது அவள்தானே.

அறிவிப்பு நாளான ஞாயிறு காலை அவளே தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, லிஸ்ட் போட்டாச்சோ?"

"ஓம். ஆனா ஆரோட போட்டி?"

"நாலு மணிக்குக் கொண்டு வாங்கோ. மிச்சம் பேந்து கதைப்பம்."

போனேன். பிரீசரில் இன்னொரு உறை ஏற்கெனவே கிடந்தது. "அவர் ஆஸ்பத்திரியில இருந்து எழுதினது," என்று சொல்லி, என்னுடையதையும் அதன்மேல் வைத்தாள். பிறகு என்னையும் துளசியையும் டிவிக்கு முன்னால் இருத்திவிட்டு, பிரீசர் இருக்கிற குசினிக்குள் போனாள். பன்னிரண்டு வடை சுட இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அப்போதே எனக்கு மூக்கு வியர்த்தது. ஆனாலும் டிவியையே பார்த்தேன்.

ஆறு மணிக்கு அறிவித்தார்கள். நான் ஆசை ஆசையாகக் கடைசி இடத்தில் வைத்த ஒரு குட்டிக் கல்லூரியைக் குழு வழக்கம்போல வெளியே விட்டது. சாந்தி உன் உறையைக் கிழித்தாள். உள்ளே முழுப் பட்டியல் இல்லை. தலைப்பில், "மச்சான் இப்பிடித்தான் போடுவான்." கீழே எட்டுப் பெயர்கள். முதல் நான்கு, கடைசி நான்கு. எட்டும் என் பட்டியலில் இருந்தபடியே. குட்டிக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: "கோச் அழுததைக் கண்டவன் இனி இவங்களை விடமாட்டான்."

"இந்த உறை நீங்கள் வர முந்தியே உள்ளுக்க கிடந்தது," என்றாள் சாந்தி. "உங்கட மனம் எங்க போகும் எண்டு அவருக்குத் தெரியும். நீங்கள் எதில மயங்குவியளோ அதை வெட்டிப்போடுவார். பதினொரு வரியமும் அதுதான் வித்தை. இப்ப சொல்லுங்கோ அண்ணை, ஆர் கள்ளன்?"

"மாமா, சே ஃபினி," என்றாள் துளசி. "முடிஞ்சுது."

தோற்றேன். ஏழு வடை சாப்பிட்டேன். சாந்தி தேத்தண்ணீர் ஊற்றித் தந்து, "சீனி காணுமோ?" என்று கேட்டாள். நாலு கிழமைக்குப் பிறகு அந்தச் சீனியில் ஒரு கரும்புத் தோட்டமே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது, நெடுஞ்சாலை நாற்பதில், கார் தன்பாட்டில் வேகம் குறைந்தது. அந்தக் கோச் டிவியில் அழுதது அறிவிப்புக்கு முதல்நாள், சனிக்கிழமை, மச்சான். உன்னை நாங்கள் ஜனவரியில் எரித்துவிட்டோம்.

அப்படியென்றால் எழுதியது யார்? "கூடைக்குள்ள பந்து போடுற விளையாட்டு, அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்" என்பவள் அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தை உன் கதிரையில் இருந்து தனியே பார்த்தாளா? வடை சுட்ட இரண்டு மணித்தியாலத்தில் என் உறையைத் திறந்தாளா? திறந்தாள் என்றால் பதினொரு வருடச் சந்தேகமும் சரி. திறக்காமலே என் எட்டு அணிகளையும் சொன்னாள் என்றால், இத்தனை காலம் உன் பெயரில் வென்றது யார்? எந்தப் பக்கம் புரட்டினாலும் அந்த வீட்டில் ஒரு கள்ளராவது இருந்திருக்கிறார்.

இதை உங்கள் வீட்டு விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன்; அவள் வாசிப்பாள். வாசித்துவிட்டு ஏசத் தொலைபேசி எடுப்பாள். ஏசட்டும். என்னோடு கதைப்பதற்கு ஒரு வழி வேண்டும் என்று உன் கையெழுத்தையே பழகியவளுக்கு, ஏச உரிமை இல்லையா?

உனக்கு என் வாக்கு இது. உன் ஆண்டுத் திவசத்தில், அதே நாற்பது பேருக்கு முன்னால் எழும்பி நின்று, "நேசன் கள்ளனில்லை, சாந்தி எந்த உறையையும் திறந்தவளில்லை," என்று பின்வரிசைக்கும் கேட்கச் சொல்லுவேன். நம்பித்தான் சொல்கிறேனா என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் மச்சான், அதற்கும் முதல் சாந்தியின் அண்ணன்,
ராசன்