புதினா அடிக்கும் சத்தம்

டிசம்பர் 2

காலையிலிருந்து மாதுளை உரித்தேன். விரல் நுனியெல்லாம் கருத்துவிட்டது. எலுமிச்சைத் தோலைத் தேய்த்தும் போகவில்லை. அத்தான் பார்த்துவிட்டு, "என்ன ஊமைக்கோட்டான், யாரையாவது கொன்னுட்டு வந்தியா?" என்றார். சொன்னவரே சிரித்துக்கொண்டார். இன்று நல்ல மனநிலை. அக்காவும் சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. முன்பல் உடைந்ததிலிருந்து அப்படித்தான் சிரிக்கிறாள்.

இனி மாதம் முழுக்க வேலை. விடுமுறை வந்தால் தினம் யார் வீட்டிலாவது விருந்து இருக்கும். விருந்துகளுக்குப் பழரசக் கலவை செய்து கொடுப்பதுதான் அத்தானின் தொழில். ஆரஞ்சு, மாதுளை, இஞ்சிப் பாகு, புதினா, ஒரு கொத்து ரோஸ்மேரி இலை, கடைசியில் சோடா. பெரியவர்கள் வேண்டுமென்றால் தங்கள் கிளாஸில் வேறு ஏதாவது கலந்துகொள்வார்கள். செய்வது நானும் அக்காவும். கூடத்தில் நின்று ஊற்றுவது அவர்.

அம்மா போன வருடம் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி என்னை இங்கே கூட்டி வந்தார்கள். "வீட்டுல ஒரு கை கொறையுது" என்றார் அத்தான். அந்தக் கை நான்தான்.

டிசம்பர் 5

இன்றைய விருந்தில் அத்தானுக்கு ஒரே கைதட்டல். ஒரு கொத்துப் புதினாவை உள்ளங்கையில் வைத்து, மறு கையால் பட்டென்று அடித்துக் காட்டுவார். "இலைய நசுக்கினா கசந்துரும். ஒரே ஒரு அடி. வாங்க வேண்டியத வாங்கினாத்தான் மணக்கும், வீட்டுல இருக்கறவங்க மாதிரி." எல்லோரும் சிரித்தார்கள். பெண்களும்.

நான் ஐஸ் வாளியோடு கதவருகே நின்றேன். உள்ளே அக்கா ஆரஞ்சு வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். கத்தி நிற்கவேயில்லை.

டிசம்பர் 8

பாகு கசந்துவிட்டது. ஆரஞ்சுத் தோலை உள்வெள்ளையைச் சீவாமல் கொதிக்கப் போட்டது நான். அடி வாங்கியது அக்கா.

அத்தான் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு அக்காவின் கன்னத்தில் ஒன்று. அவள் தலை அலமாரிக் கதவில் போய் இடித்தது. அடுத்தது காதோடு சேர்த்து. அவள் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். புதினாக் கட்டைப் பிரித்தேன். உள்ளங்கையில் வைத்து அடிக்க ஆரம்பித்தேன். பட். பட். அவர் ஒன்று, நான் ஒன்று. எது யார் அடிக்கிற சத்தம் என்று ஒரு கட்டத்தில் எனக்கே தெரியவில்லை.

கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா இருக்கிறார். போன வருடம் ஒருநாள் படியேறி வந்து, "என்னம்மா, பட்டுபட்டுன்னு என்ன சத்தம்?" என்று கேட்டார். "புதினா அடிக்கிறோம்க்கா. விருந்து வேலை" என்றாள் அக்கா. முகத்தின் வீங்கிய பக்கத்தைக் கதவுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. அன்றிலிருந்து இதுவும் என் வேலை. அவர் கை ஓங்கினால் நான் இலையை அடிக்க வேண்டும்.

டிசம்பர் 9

நேற்று அடித்த புதினா எல்லாம் கருத்துப்போயிருந்தது. குப்பையில் கொட்டினேன். கை மட்டும் இன்னும் மணக்கிறது.

டிசம்பர் 14

ஐஸ் கொண்டுவரும் பெண்ணிடம் அக்கா மெதுவாக, "வாடகைக்கு ஒரு ரூம் கிடைக்குமாக்கா? சின்னதா இருந்தாப் போதும்" என்று கேட்டிருக்கிறாள். அது எப்படியோ அத்தான் காதுக்குப் போய்விட்டது.

ஐஸ் பாளத்தின் மேல் அக்காவின் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். குரல் உயரவே இல்லை. "யாருக்கு ரூம்? சொல்லு. உனக்கா, உன் தங்கச்சிக்கா?" மறு கையில் ஐஸ் குத்தும் ஊசி. அக்காவின் விரல்களுக்கு இடையில் குத்தினார். ஐஸ் தெறித்து என் முகத்தில் விழுந்தது. மறுபடி குத்தினார். சுண்டுவிரல் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ரத்தம் கொஞ்ச நேரம் வரவே இல்லை. விரல் அவ்வளவு விறைத்திருந்தது. பிறகு வந்தது.

அந்தப் பாளத்தைக் கழுவி உடைத்து வாளியில் போடச் சொன்னார். போட்டேன்.

ஏன் போட்டேன்? ஏன் கத்தவில்லை? வாயைத் திறந்தால் தொண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் அப்படித்தான். பேர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்லக்கூட வராது.

டிசம்பர் 19

அடுத்தது பல் டாக்டரம்மா வீட்டு விருந்து. "பல் டாக்டர் வீட்டுக்கே சக்கரைத் தண்ணி விக்கிறேன். நான் எப்பேர்ப்பட்ட ஆளு!" என்று தன் தொடையைத் தட்டிக்கொண்டார் அத்தான். பிறகு அக்காவின் தாடையைப் பிடித்துத் தூக்கினார். "அங்க வந்து பல்லக் காட்டுன, மிச்சம் இருக்கறதும் இருக்காது."

டிசம்பர் 23

இடது கண் திறக்கவில்லை. ஒரு கண்ணோடு எழுதுகிறேன்.

நேற்று டாக்டரம்மா வீட்டுச் சமையலறையில் நானும் அக்காவும் இருந்தோம். கூடம் நிறைய ஆட்கள். முதல் ஜாடி போய் நல்ல பேர் வாங்கிவிட்டது. டாக்டரம்மா ஐஸ் எடுக்க உள்ளே வந்தார். "இஞ்சி சுள்ளுன்னு இருக்கு, யார் கைப்பக்குவம்?" என்றார். அக்காவுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. வாயை மூட மறந்து சிரித்துவிட்டாள்.

"பல்லு என்னாச்சும்மா?"

"வழுக்கி விழுந்துட்டேன்ம்மா."

"விழுந்தா இப்படி உடையாதே. நாளைக்குக் கிளினிக்குக்கு வா, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். வாசலில் அத்தான் நின்றிருந்தார். டாக்டரம்மாவுக்கு வழிவிட்டார். உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார்.

"காட்டாதன்னு சொன்னேன்ல?"

முதல் அடியில் அக்கா சிங்க்கின் மேல் சரிந்தாள். முடியைப் பிடித்து நிமிர்த்தி அடுத்தது. உதடு கிழிந்தது. மேடையில் வெட்டி வைத்திருந்த ஆரஞ்சு மேல் ரத்தம் தெறித்தது. அவள் என்னைப் பார்த்தாள். அதே பார்வை. என் உள்ளங்கையில் புதினா இருந்தது. மறு கையும் தயாராக மேலே போய்விட்டது.

அடிக்கவில்லை.

மூன்றாவது அடி தனியாகக் கேட்டது. வேறு சத்தமே இல்லாமல். வெளியே யாரோ, "உள்ள புதினா அடிக்கிறாங்கப்பா, அடுத்த ஜாடி வருது!" என்றார். சிரிப்பு.

கதவைத் திறந்து கூடத்துக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. "அது புதினா இல்ல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர் காலி கிளாஸை என் கையில் கொடுத்தார். அதைக் கீழே போட்டேன். உடைந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அது புதினா இல்ல. எங்க அக்கா." உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். இலை வாடாமல் அப்படியே இருந்தது.

அத்தான் சிரித்துக்கொண்டே வந்தார். "ராத்திரியெல்லாம் வேலை, பாவம், உளறுது…" என் பின்னலை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். "உள்ள வா."

"மாட்டேன்."

அவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்பது அவனுக்கு மறந்துவிட்டது. வீட்டில் அடிப்பது போலவே அடித்தான். என் முகத்தை மேசை விளிம்பில் மோதினான். ஜாடி கவிழ்ந்தது. வெள்ளை விரிப்பு முழுக்கச் சிவப்பு. யாரோ "ரத்தம், ரத்தம்" என்று அலறினார்கள். பாதி மாதுளை. டாக்டரம்மாவின் கணவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் தரையில் அழுத்தினார்கள். அவன் ஒருவருடைய கையைக் கடித்தான். சற்று முன் சிரித்தவர்கள் எல்லாம் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

டிசம்பர் 24

ஆஸ்பத்திரியில் புருவத்தில் தையல் போட்டிருக்கிறார்கள். அவனை அன்றே போலீஸ் கொண்டுபோய்விட்டது.

இன்று ஒரு பெண் போலீஸ் வந்து நடந்ததைக் கேட்டார். அக்கா முதலில், "கோவம் வந்தாத்தான் இப்படி, மத்தபடி…" என்று ஆரம்பித்தாள். அக்கா, வேண்டாம்க்கா. அவள் என் கண்ணைப் பார்த்தாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. வாயிலிருந்து கையை எடுத்தாள். போலீஸ் எழுத ஆரம்பித்தார்.

ஜனவரி 6

அவனை வெளியே விட்டிருக்கிறார்கள். வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவாம். வந்தான்.

கதவை உதைத்தான். நாங்கள் இருவரும் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு உதைக்கும் பல் கிடுகிடுத்தது. தாழ்ப்பாளின் ஒரு ஆணி கழன்று என் மடியில் விழுந்தது. "ஏய் ஊமை, உன்ன உரிச்சுத் தொங்க விடுவேன்டி!" அக்காவின் கையில் ஐஸ் ஊசி. "உள்ள வந்தான்னா குத்திருவேன்" என்றாள். எனக்குச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டாள். அவள் கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது கீழேயிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல். "போலீஸக் கூப்பிட்டாச்சு! என் கதவ ஒடச்ச, நானே உன் கால ஒடப்பேன்!" அந்தக் குரல் எங்களுக்காக மேலே ஏறி வந்தது இதுதான் முதல் தடவை.

படியிறங்கி ஓடியவனைத் தெருமுனையில் பிடித்தார்களாம். அக்காவின் விரல்களை ஊசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

ஜனவரி 7

புதுத் தாழ்ப்பாள். நானே போட்டேன்.

பிப்ரவரி 11

டாக்டரம்மாவின் கிளினிக்கில் சின்ன விருந்து. எங்களைத்தான் செய்யச் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு இன்னும் பல் கட்டவில்லை, அடுத்த வாரம்.

காலையிலேயே பாகு காய்ச்சி ஆறவைத்தோம். புதினாவைக் கிள்ளி, அடிக்காமல் அப்படியே அதில் போட்டு மூடி வைத்தேன். மணம் இறங்க நேரம் பிடிக்கும். பரவாயில்லை.

மதியம் வீட்டுக்காரம்மா மேலே வந்தார். "என்ன, சத்தத்தையே காணோம்? வேலை இல்லையா?"

"இருக்கு" என்றேன்.

ஒரு தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். "புதினா நல்லா மணக்குதே."

"ஆமா."

தம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் புருவத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.