இறக்கையற்ற தத்துக்கிளிகளுக்காக ஓர் ஈரப் பட்டை

அனுப்புநர்:
புல்வெட்டு இயந்திர ஓட்டுநர்,
கால்வாய்க்கரைக் கூட்டுப் பண்ணை.

பெறுநர்:
உயர்திரு வேளாண் அலுவலர் அவர்கள்,
வட்டார வேளாண் அலுவலகம்.

பொருள்: கால்வாயோரத் தாழ்வான ஈர நிலத்தில் எஞ்சியுள்ள இறக்கையற்ற தத்துக்கிளிகள் முட்டையிட்டு முடிக்கும்வரை அங்கே புல்வெட்டை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் கொடுத்த இரு மனுக்கள் (பதில் வரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. பண்ணையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் புல் முற்றி விதை உதிர்ந்த பிறகு, ஆண்டுக்கு ஒரே முறை, அரிவாளால் அறுத்தோம். அதற்குள் இந்தத் தத்துக்கிளிகள் மண்ணில் முட்டையிட்டு முடித்திருக்கும். இப்போது பச்சையாகவே மூன்று முறை, இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டி, மாட்டுத் தீவனத்துக்காக அன்றே சுருட்டிப் பிளாஸ்டிக் உறையில் கட்டிவிடுகிறோம். நகமளவே உள்ள இந்தப் பூச்சியால் பறந்து தப்ப முடியாது. புல்லின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். கட்டி முடித்த உறைக்குள் அவை தாவி மோதுவதைக் காதால் கேட்டவன் நான்.

2. பள்ளியில் அறிவியல் ஆசிரியையான என் மனைவி ஆண்டுதோறும் அந்தத் தாழ்வில் நடந்து அவற்றை எண்ணுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாற்பத்தொன்று. சென்ற ஆண்டு பதினாறு. இந்த ஞாயிறு மூன்று.

3. சென்ற மாதம் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். பிரிவு எழுத்தர், "பயிரைத் தின்னுற பூச்சின்னா சொல்லுங்க, மருந்து தர்றோம். ஒண்ணும் பண்ணாத பூச்சிக்கு எங்ககிட்ட ஃபைலே இல்லையே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை.

4. முதல் வெட்டின்போது அந்தத் தாழ்வை மட்டும் விட்டுவிட்டு வந்தேன். மறுநாளே மேற்பார்வையாளர் வேறு ஓட்டுநரை அனுப்பி அதையும் வெட்டவைத்தார். இனி அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். மனைவி, "யாராவது வெட்டத்தான் போறாங்க. நீங்கன்னா மெதுவாவாவது ஓட்டுவீங்க" என்றார்.

ஆகவே, இயந்திரம் இரண்டு முறை போய்வரும் அகலமே உள்ள அந்த ஈரப் பட்டையை மூன்று மாதங்களுக்கு மட்டும் வெட்டாமல் விட உத்தரவிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

மனுக்களுக்கு முப்பது நாளில் பதில் தரப்படும் எனத் தங்கள் அறிவிப்புப் பலகையில் படித்தேன். இரண்டாம் வெட்டு வரும் வியாழன் காலை ஏழு மணிக்கு. ஓட்டப்போவது நான். அதற்குள் தங்களிடமிருந்து ஒரு வரி வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடுவேன். வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரும் எங்களிடம் சொல்லவில்லையே என்று பின்னால் ஒருவரும் சொல்லிவிடக் கூடாது.

இடம்: பண்ணை இயந்திரக் கொட்டகை
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஓட்டுநர்