பதினேழாம் பொருளின் இணைப்பு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் அண்ணனும் சுகம், நானும் உடம்பைப் பொறுத்தவரை சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். அப்பாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஊரார் எலும்பையெல்லாம் எக்ஸ்ரே எடுத்த மனுஷன், தன் காலை மட்டும் யாரும் படம் எடுக்கக்கூடாது என்று அடம்பிடித்தார், போன வாரம் அண்ணன்தான் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போனான். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து டாக்டருக்கு முன்னால் இவரே வியாதியைச் சொல்லிவிட்டாராம், வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பெருமையில் வலியே மறந்துபோயிற்று. அண்ணனுக்குப் பகல் ஷிப்டு கிடைத்துவிட்டது, முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். ஃபோனில் பேசினால் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிட்டு, மூச்சு வாங்க, "அம்மா, ஜெயிச்சிட்டேம்மா, ஆய்வு மாணவர்கள் சார்பா யுனிவர்சிட்டி கவுன்சில்ல எனக்கு ஒரு இடம், ஓட்டுப் போடற உரிமையோட" என்று சொன்னாயே, அன்றைக்கு நான் என்ன கேட்டேன் என்று உனக்கும் மறந்திருக்காது. "சரி, உன் தீசிஸை எப்ப முடிக்கப் போற?" என்று கேட்டேன். நீ பதில் சொல்வதற்குள், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, "அடுப்பே பத்தவைக்கலையே" என்றார். அதற்குப் பிறகு நீ எத்தனையோ தடவை கூப்பிட்டாய், கவுன்சில் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை, நானும் கேட்கவில்லை. படிப்பு கெட்டுவிடுமே என்கிற கவலையில் அம்மா அப்படிப் பேசினாள் என்று நீ நினைத்திருப்பாய். கவலை இல்லையடி. பொறாமை. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்படுகிறவள் உண்டா என்று கேட்காதே, இதோ ஒருத்தி இருக்கிறாள்.

இருபத்தாறு வருஷமாக நான் நம் பல்கலைக்கழகத்தின் கூட்டப் பிரிவில் இருக்கிறேன். கல்விப் பேரவை கூடும்போதெல்லாம் அந்த நீளமான ஹாலில் சுவரோரமாக ஒரு மேசை, அதில் நான், என் சுருக்கெழுத்து நோட்டு. ஐம்பத்து மூன்று பேர் பேசுவார்கள், நான் எழுதுவேன். இத்தனை வருஷத்தில் அந்த ஹாலில் நான் வாய் திறந்து சொன்னது, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்" என்பது மட்டும்தான், அதுவும் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும். உனக்குச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. உனக்கு ஆறு வயது இருக்கும்போது, தபாலில் படித்து எம்.ஏ. முடித்த கையோடு, ஆராய்ச்சிக்குப் பதிவு செய்யச் சொல்லி நானும் விண்ணப்பம் போட்டேன். அலுவலக ஊழியர் என்பதால் அது பேரவை அனுமதிக்கு வந்தது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன், என் விண்ணப்பம் வந்தது, ஒருவர், "ஆபீஸ் வேலைய யார் பாக்கறது?" என்றார், இரண்டு பேர் சிரித்தார்கள், நிகழ்ச்சி நிரலில் இருந்த அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது என்று என் கையாலேயே டைப் அடித்து, ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று சரிபார்த்து, கையெழுத்துக்கு அனுப்பினேன். அந்த மாதிரி ஒரு மேசையைச் சுற்றி என் மகளுக்கு ஒரு நாற்காலி என்று கேட்டதும் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். எரிந்தது.

நீ தூரத்தில் இருக்கிறாய், உன்மேல் காட்ட முடியாததை இங்கே ஒருத்திமேல் காட்டினேன். இந்த வருஷம்தான் எங்கள் பேரவையிலும் முதல் தடவையாக ஆய்வு மாணவர்களுக்கு ஒரு பிரதிநிதி வைத்தார்கள். தேர்தலில் ஜெயித்து வந்தவள் தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், அதனால் ஆபீஸில் எல்லோருக்கும் அவள் 'தவளை', அவளே சிரித்துக்கொண்டு அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்ப்பாள். ஒல்லியாக, உன் உயரம், உன்னை மாதிரியே பேசும்போது கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டே இருப்பாள். முதல் நாளே என் மேசைக்கு வந்து, "மேடம், எல்லாப் பேப்பரும் எனக்கு ஒரு வாரம் முன்னாடியே வேணும், ஒண்ணு விடாம படிச்சிட்டு வரணும்" என்றாள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் எனக்கு அதில் உன் குரல் கேட்டது. ஆகட்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் போனதும் பக்கத்து சீட் கிளார்க்கிடம், "வந்த உடனே அதிகாரம் பாத்தியா" என்றேன். அவள் அதிகாரம் பண்ணவே இல்லை என்பது எனக்கும் தெரியும், கிளார்க்குக்கும் தெரியும்.

அவளுடைய முதல் கூட்டத்தின் நிரலில் பதினேழாம் பொருள், ஆய்வு வழிகாட்டியை மாற்றிக்கொள்ள நினைக்கும் மாணவர் பழைய வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிற விதியைப் பற்றியது. யாரோடு ஒத்துவரவில்லையோ அவரிடமே போய் நிற்க வேண்டும். இதை எடுத்துவிடலாம் என்று மூன்று பேர் கொண்ட குழு பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தது, அதுதான் இணைப்பு. ஐம்பத்து நான்காவது ஆளுக்காக, அதாவது தவளைக்காக, கடைசிக் காகிதக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பதினேழாம் பொருளின் இணைப்பைக் கையில் எடுத்தேன். மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல ஆசைதான், ஆனால் மறக்கவில்லை. எடுத்தேன், பார்த்தேன், இழுப்பறையில் போட்டேன், மீதியை உறையில் வைத்து ஒட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கூட்டத்தில் பதினேழு வந்தது. தலைமையில் இருந்த துணைவேந்தர், குழுவின் பரிந்துரையைப் பார்த்திருப்பீர்கள், கருத்து உண்டா என்று கேட்டார். தவளை எழுந்துவிட்டாள், காகிதத்தைப் புரட்டுகிறாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பையில், மடியில். "சார், அந்தப் பேப்பர் எங்கிட்ட இல்ல" என்றாள். எல்லாருக்கும் அனுப்பினோமே என்று அவர் என் பக்கம் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். மூத்த டீன் ஒருவர், "பதவி கேட்டு வாங்கினா பத்தாதும்மா, படிச்சிட்டும் வரணும்" என்றார். சிரித்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சிரிப்பு. அவள் காது சிவந்து உட்கார்ந்துவிட்டாள். வேறு யாருக்கும் அந்த விஷயத்தில் அக்கறை இல்லை, இப்போதுள்ள நடைமுறையே தொடரட்டும் என்று முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன், உள்ளே சின்னதாக ஒரு திருப்தி. நன்றாக வேண்டும் என்று இருந்தது. நீயும் அங்கே எங்கோ ஒரு மேசையில் இப்படி விழிப்பாய் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு ஆய்வு மாணவன் வந்தான், கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறவன். அவனுடைய வழிகாட்டி எட்டு மாதமாக அவனைப் பார்க்கவும் மாட்டேன் என்கிறார், வேறொருவரிடம் போகக் கையெழுத்தும் போட மாட்டேன் என்கிறார். "நேத்து அது மாறிடும்னு சொன்னாங்களே மேடம்" என்றான். மாறவில்லை என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான், எதற்கு நன்றியோ. அவன் போன கொஞ்ச நேரத்தில் பதிவாளருக்கு வந்த தபாலில் தவளையின் கடிதம் இருந்தது. எல்லாத் தபாலும் என் கை வழியாகத்தான் போகும். முக்கியமான ஆவணத்தைத் தொலைத்துவிட்டேன், அறை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை, என் கவனக்குறைவால் சக மாணவர்களுக்கு நஷ்டம், இந்தப் பொறுப்புக்கு நான் தகுதியில்லை, விலகுகிறேன் என்று எழுதியிருந்தாள். யாரையும் குறை சொல்லவில்லை. அனுப்பாத காகிதத்தை அந்தப் பெண் ராவெல்லாம் தேடியிருக்கிறாள். இழுப்பறையைத் திறந்தேன், பதினோரு பக்கமும் கசங்காமல் இருந்தன.

அதையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனேன். நல்ல மனுஷன், பார்த்ததும், "சரி விடுங்க, அடுக்கும்போது விட்டுப்போச்சுன்னு ஒரு வரி எழுதிடலாம்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம், அதற்கு எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எப்படியோ நாக்கு புரண்டது, "விட்டுப்போகல சார், நான்தான் எடுத்து வெச்சேன்" என்றேன். ஏன் என்று கேட்டார். பொறாமை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதை ஃபைல்ல எப்படிம்மா எழுதறது?" என்றார். அவர் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே வழி தெரியாமல்தான் கேட்டார். கடைசியில் வேண்டுமென்றே செய்த தவறு என்று எழுதி விளக்கம் கேட்டார், கொடுத்தேன். உறுப்பினர் ஒருவருக்கு ஆவணம் போய்ச் சேராததால் அந்தத் தீர்மானம் செல்லாது, தனிக்கூட்டம் போட வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் கூட்டத்தை முடித்துக் கொடுத்ததும், தண்டனையாக நான் சான்றிதழ் பிரிவுக்கு மாறிப் போக வேண்டும். அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன், எழுந்துபோய் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

தவளையிடம் நானே போய்ச் சொன்னேன், ஆய்வுக்கூட வாசலில் நின்று. அவள் முகம் செத்துப்போயிற்று. திரும்பி உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து நோட்டும் கையுமாக என் மேசைக்கு வந்தாள். "உங்க மேல கோவம் அப்படியே இருக்கு மேடம், அது பாட்டுக்கு இருக்கட்டும். இந்தக் கையெழுத்து விதி எந்த வருஷம் வந்துச்சு, யார் கொண்டுவந்தாங்க, எதுக்கு? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். எனக்குத் தெரியும், டைப் அடித்தவள் நான்தானே. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேராசிரியர்களுக்குள் நடந்த சண்டையில், ஒருவருடைய மாணவரை இன்னொருவர் இழுத்துக்கொண்டார் என்று, ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்த விதி அது. அந்த 'ஒரு வருஷத்துக்கு மட்டும்' என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பழைய தொகுதியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன், தூசி பறந்து இரண்டு பேருக்கும் தும்மல். அவள் விலகல் கடிதத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள், அதுவும் என் கூடையில்தான்.

தனிக்கூட்டம் போன வியாழக்கிழமை நடந்தது. அவள் ஒன்பது நிமிடம் பேசினாள், குரல் முதலில் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. அந்தப் பழைய தீர்மானத்தை, 'ஒரு வருஷத்துக்கு மட்டும்' என்பதோடு சேர்த்து, வாசித்தாள். மூத்த டீன், "இத யாரும்மா தேடிக் குடுத்தா?" என்று கேட்டார். "குறிப்பு எழுதறாங்களே, அவங்க" என்றாள். ஐம்பத்து மூன்று தலையும் சுவர்ப் பக்கம் திரும்பின. விதியை முழுசாக எடுத்துவிடவில்லை, வழிகாட்டி முப்பது நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கையெழுத்து தேவையில்லை என்று ஆக்கியிருக்கிறார்கள். எட்டு மாதம் அலைந்தவனுக்கு அது போதும், நேற்று விண்ணப்பம் கொடுத்துவிட்டான். கூட்டம் கலைந்ததும் பதிவாளர் என்னிடம் வந்து, அவள் பேசும்போது உங்கள் உதடும் கூடவே அசைந்தது, நீங்கள் கவனித்தீர்களா என்று கேட்டார். கவனிக்கவில்லை. நோட்டில் என் எழுத்து முத்துமுத்தாக வந்திருந்தது, நெஞ்சுக்குள் மட்டும் அதே எரிச்சல். அந்த ஒன்பது நிமிடத்தில் ஒரு நிமிடம் எனக்குக் கொடுத்திருந்தால் என்ன என்று இருந்தது. என்ன பேசியிருப்பேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அம்மா திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. பொறாமை அப்படியேதான் இருக்கிறது, உன்மேலும் இருக்கிறது, கொஞ்ச நாளில் போகிற சரக்காகவும் தெரியவில்லை. ஆனால் இதற்குப் பயந்து நீ எனக்காக உன் சந்தோஷத்தைச் சுருக்கிச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மாதமாக வானிலையும் சாப்பாடும் பேசிக்கொண்டிருக்கிறாய். போதும். உன் முதல் கூட்டம் எப்படி நடந்தது, யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், எந்த உடை போட்டுக்கொண்டு போனாய், முதன்முதலில் வாயைத் திறந்து என்ன சொன்னாய், யாராவது சிரித்தார்களா, சிரித்தால் நீ என்ன செய்தாய், ஒன்று விடாமல் எழுது. நான் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவள், நீ விட்டுவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடு, நிமிர்ந்த முதுகோடு இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அண்ணன் உன் பழைய சைக்கிளை விற்கவில்லை என்று சொல்லச் சொன்னான். பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போ. திங்கட்கிழமை முதல் நான் சான்றிதழ் பிரிவில், ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டால் கிடைக்கமாட்டேன், வீட்டுக்கே கூப்பிடு, இந்தத் தடவை நீ பேசி முடிக்கும்வரை வைக்கமாட்டேன்.

பொறாமையோடும் அதைவிடப் பெரிய ஆசையோடும்,
உன் அம்மா