லேமினேட் செய்த மதிப்பெண் சான்றிதழும் "வரவில்லை" என்ற பதிவும்

அனுப்புநர்:
விண்ணப்ப எண் 20417,
இளங்கலை புள்ளியியல்,
லேமினேஷன் கடை மாடி,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
மாநிலப் பல்கலைக்கழகம்.

பொருள்: சேர்க்கை நாளன்று நேரில் வந்திருந்தும் "வரவில்லை" எனப் பதியப்பட்டதைத் திருத்தி, அதற்கான கடிதத்தை இம்மாதம் 28ஆம் தேதிக்குள் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய பதிவாளர் அவர்களுக்கு வணக்கம்.

1. இந்த ஆண்டு எனக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று தங்களுடையது. வீட்டிலிருந்து பேருந்தில் நாற்பது நிமிடம். கட்டணம் முழுவதும் நாங்களே கட்ட வேண்டும். மற்றொன்று வெளிமாநிலத்தில் உள்ளது. ரயிலில் இரண்டு நாள் பயணம். ஆனால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் உதவித்தொகையில் அடங்கும். யாரைக் கேட்டாலும் அங்கே போ என்றுதான் சொல்லியிருப்பார்கள், சொன்னார்கள். நான் தங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

2. காரணம் என் அப்பா. அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. அப்பாவுக்கு வலிப்பு நோய் உண்டு. கடையில் அவர் நாள் முழுக்க நிற்பது சூடான லேமினேஷன் இயந்திரத்தின் முன்னால். இருமுறை அதன்மேலேயே விழுந்திருக்கிறார். இடது முழங்கையில் தோல் இன்றுவரை சரியாகவில்லை. மாலையில் வீடு திரும்பக்கூடிய கல்லூரிதான் எனக்கு வேண்டியிருந்தது. அப்பா இதற்கு ஒப்பவில்லை. "என்னைச் சாக்கு வச்சு இங்கயே கிடக்காத. நான் என்ன கைக்குழந்தையா?" என்று சொல்லிவிட்டு நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

3. வேறிடத்தில் கிடைத்த இடத்தை விட்டுக்கொடுத்த கடிதத்தைச் சேர்க்கைக்கு முன்பே அனுப்ப வேண்டும் என்பது தங்கள் நிபந்தனை. அவ்வாறே 9ஆம் தேதி உதவித்தொகையை எழுத்து மூலம் விட்டுக்கொடுத்தேன். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்த பக்கத்துக் கடை அக்கா, "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டுராதடி" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன்.

4. கடிதம் போய்விட்டது என்று தெரிந்ததும் அப்பா பேசத் தொடங்கினார். மகள் பக்கத்திலேயே இருக்கப் போகிறாள் என்ற நிம்மதியை அவரால் மறைக்க முடியவில்லை. அந்த நிம்மதியில்தான், சேர்க்கைக்கு முந்தைய நாள் மாலை, நான் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில், என் அசல் மதிப்பெண் சான்றிதழை லேமினேட் செய்தார். பன்னிரண்டு வருடமாகச் செய்யும் தொழில் அது. எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே "கவசம்". ஒவ்வொரு சான்றிதழையும் திருப்பித் தரும்போது, "கவசம் போட்டாச்சு, இனி மழையாவது வெயிலாவது" என்பார். என்னுடையதற்கு இருப்பதிலேயே தடிமனான உறையைப் போட்டிருந்தார்.

5. 12ஆம் தேதி காலை 8.10க்கு வாயிற்காவலரிடம் 63ஆம் எண் டோக்கன் பெற்றேன். நேரமும் தேதியும் அச்சிட்ட அந்த டோக்கனின் நகலை இணைத்துள்ளேன். பதினொன்றரை மணிக்கு மூன்றாம் கவுன்டருக்கு அழைக்கப்பட்டேன். அங்கிருந்த எழுத்தர் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாடி எங்கம்மா சீல் குத்துறது? பிளாஸ்டிக் மேலயா?" என்றார். லேமினேட் செய்த அசல் செல்லாது என்றார். என் பின்னால் நின்ற அப்பா, "நான்தாங்க பண்ணேன், நம்ம கடைதான்" என்று முன்னால் வந்தார். "அப்படியா? நல்லவேளை, பொண்ணுக்கும் பிளாஸ்டிக் போடாம விட்டு வச்சீங்களே" என்றார் எழுத்தர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கூடச் சிரித்தால் காரியம் நடக்கும் என்று நினைத்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

6. சேர்க்கைக் கையேட்டின் முப்பத்திரண்டு பக்கங்களையும் படித்துவிட்டேன். லேமினேட் செய்யக் கூடாது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. மேலும், எனக்கு முன்னால் 58ஆம் எண் டோக்கனோடு வந்த மாணவியின் சான்றிதழும் லேமினேட் செய்யப்பட்டிருந்தது. அவளோடு வந்தவரைப் பார்த்ததும் அதே எழுத்தர் எழுந்து நின்றார். சான்றிதழின் பின்புறம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதன்மேல் சீல் குத்திக் கொடுத்தார். அந்த மாணவிமேல் எனக்கு வருத்தமில்லை. அவளுக்குச் செய்ததுதான் சரி. ஒரு தாளும் கொஞ்சம் பசையும் எனக்கு ஏன் மறுக்கப்பட்டன என்பதே என் கேள்வி. கூட வந்தவர் யார் என்று பார்த்துத்தான் சீல் குத்தப்படும் என்றால் அதையாவது கையேட்டில் அச்சிடலாம்.

7. "நாலு மணிக்குள்ள பிரிச்சு எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பினார்கள். கடைக்கு ஓடினோம். ஓரத்தைச் சீவி, இஸ்திரிப்பெட்டியை மிதமான சூட்டில் வைத்துத் தேய்த்து, அப்பா மெல்லப் பிரித்தார். வலிப்பு வந்துவிடுமோ என்று நான் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதிவரை நன்றாகத்தான் வந்தது. பிறகு உறையோடு தாளின் மேற்பரப்பும் உரிந்து வந்தது. என் பெயரும் நான்கு பாடங்களின் மதிப்பெண்ணும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டன. அப்பா அவற்றைத் தாளின் மேல் வைத்து மறுபடி அழுத்திப் பார்த்தார். அழுத்திக்கொண்டே இருந்தார். நான்தான் கையைப் பிடித்து எடுத்தேன்.

8. உரிந்த நிலையிலேயே எடுத்துக்கொண்டு 3.40க்கு வந்தோம். மறுபடி டோக்கன் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று காவலர் தடுத்தார். நான்கு மணிக்குக் கவுன்டர் மூடப்பட்டது. மறுநாள் தங்கள் இணையதளத்தில் என் எண்ணுக்கு நேராக "வரவில்லை, இடம் ரத்து" என்று இருந்தது. சான்றிதழை ஏற்கவில்லை என்று பதிந்திருந்தால் அது முடிவு. அதை எதிர்த்து முறையிடலாம். "வரவில்லை" என்பது பொய்.

9. ரத்தான இடம் அடுத்தவருக்குப் போய்விட்டதால், நடந்ததை வெளிமாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். அவர்களது பதிலையும் இணைத்துள்ளேன். நான் நேரில் சென்றும் சேர்க்கப்படவில்லை என்று தாங்கள் 28ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் உறுதி செய்தால், உதவித்தொகையை மீண்டும் எனக்கே தருவதாகவும், மாற்றுச் சான்றிதழைப் பிறகு தரலாம் என்றும் கூறியுள்ளார்கள். "வரவில்லை" என்ற பதிவு நீடித்தால், இரண்டு இடங்களையும் வீணடித்த மாணவியாகவே அங்கும் கருதப்படுவேன்.

10. அடுத்து எழுதுவது மனுவுக்குத் தேவையற்றது என்று தாங்கள் கருதலாம். 13ஆம் தேதியிலிருந்து அப்பா கடையைத் திறக்கவில்லை. பழைய வாடிக்கையாளர்களின் வீடுகளைத் தேடிப் போய், "நான் போட்டுக் கொடுத்ததை எங்கயாவது வேண்டாம்னு சொன்னாங்களா?" என்று கேட்டு வருகிறார். பெரும்பாலோர் இல்லை என்றார்கள். செவிலியர் வேலைக்குப் போய், சேர்க்கப்படாமல் திரும்பி வந்த ஒரு பெண் மட்டும், "சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லலண்ணே" என்றாராம். அதற்குப் பிறகு அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. மாத்திரையை நான் கையில் கொடுத்தால் மட்டுமே போடுகிறார்.

11. எனவே நான் கோருவது:
அ) என் எண்ணுக்கு நேராக உள்ள "வரவில்லை" என்பதை நீக்கி, "நேரில் வந்தார், சான்றிதழ் ஏற்கப்படவில்லை" என்று திருத்த வேண்டும்.
ஆ) அதைத் தங்கள் கையொப்பத்துடன் 28ஆம் தேதிக்குள் கடிதமாகத் தர வேண்டும்.
இ) லேமினேட் செய்த அசல் செல்லாது என்பது உண்மையிலேயே விதியானால், அதை வாயிலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அந்த விதி 58ஆம் டோக்கனுக்கும் 63ஆம் டோக்கனுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

12. இந்த மனுவில் ஒரு வரி சேர்க்கும்படி அப்பா கேட்டுக்கொண்டார். "என் தப்புதான்னு எழுதிரும்மா. படிக்காதவன், தெரியாம பண்ணிட்டான்னு எழுது. அப்பதான் ஐயாவுக்கு மனசு இரங்கும்." அந்த வரியை நான் எழுதவில்லை. அவர் சொன்னார் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன்.

13. தங்கள் கடிதம் கிடைத்தால் நான் அப்பாவைத் தனியே விட்டுவிட்டு இரண்டு நாள் தூரம் போக வேண்டும். எதைத் தவிர்க்க உதவித்தொகையை விட்டுக்கொடுத்தேனோ, அதையே இப்போது கேட்டு நிற்கிறேன். கிடைக்காவிட்டால் அவரோடு இங்கேயே இருப்பேன். அவர் தினமும் காலையில் எழுந்து, தான் கெடுத்த வாழ்க்கை என்று என்னைப் பார்ப்பார். வலிப்பு வந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் ஏற்பாடு செய்துவிடலாம், தட்டச்சு அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பார்வையைத் தாங்க யாரையும் ஏற்பாடு செய்ய முடியாது. ஆகவே என்னைப் போகவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தை நேரில் பெற்றுக்கொள்ள ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு வாயிலில் இருப்பேன். வந்திருக்கிறேன் என்பதைத் தயவுசெய்து பதிந்துகொள்ளவும்.

நாள்: 21ஆம் தேதி
இடம்: பல்கலைக்கழக முன்வாயில்

(ஒப்பம்)
விண்ணப்ப எண் 20417

இணைப்பு: டோக்கன் நகல், வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் கடிதம், உரிந்த மதிப்பெண் சான்றிதழின் நகல், இரண்டு பகுதிகளாக.