விடியலில் தேறிய இலைகள்

ஸர்ஸீஸ்,
துனிசியா, 4 ஜூன் 2001

அன்புள்ள ரவ்தா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஜலீலாவும் சுகம். ஸ்ஃபாக்ஸிலிருந்து இங்கே வரும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்களா என்ன? நாட்டிலுள்ள மரங்களையெல்லாம் அளந்து பார்க்கிறாய். வாப்பா நம் இருவருக்கும் விட்டுப்போன ஆலிவ் தோப்பை மட்டும் ஒரு எட்டு வந்து பார்க்க மாட்டேன் என்கிறாய்.

மூன்று வருஷமாக மழை இல்லை. வடக்கு வரிசை இலை சுருண்டு சாம்பலாகிவிட்டது. நான் புதிதாகத் தோண்டிய கிணற்றுப் பக்கம்தான் பச்சை. பக்கத்துத் தோப்பு லம்ஜத் வந்து பார்த்துவிட்டு, "இது மரமில்லடா ஷாத்லி, நின்னுக்கிட்டு இருக்குற விறகு" என்கிறான்.

என் மச்சான், ஜலீலாவின் அண்ணன், பிரான்ஸில் மார்ஸேயில் எனக்கு மீன் சந்தையில் வேலை பார்த்து வைத்திருக்கிறார். விசாவும் வந்துவிட்டது. மரம் செத்துவிட்டது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் மனசு அரிக்காமல் கப்பலேறிவிடுவேன். இலையை அளக்கும் அந்தக் கருவியோடு வா.

உன் தம்பி,
ஷாத்லி


ஸ்ஃபாக்ஸ்,
27 ஜூன்

அன்புத் தம்பி ஷாத்லிக்கு,

ஜலீலா கட்டிக்கொடுத்த ரொட்டியும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டன என்று சொல்.

தோப்பை அளக்க அங்கே வந்திருந்தபோது என் பின்னாலேயே வந்து, "ஒரு இலையக்கூடக் கிள்ளாம உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் சரியாகச் சொல்லவில்லை. இலையில் ஒரு கவ்வியை மாட்டிக் கொஞ்ச நேரம் இருட்டில் வைக்கிறோம். பிறகு சட்டென்று வெளிச்சம் அடிக்கிறோம். உணவு சமைக்க முடியாமல் மிஞ்சும் ஒளியில் சிறு பங்கை இலை மங்கிய சிவப்பாகத் திருப்பித் தருகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, கருவிக்குத் தெரியும். அதை வைத்து இலையின் திராணியைக் கணக்கிடலாம். மரத்துக்கு ஒரு கீறல்கூட விழாது.

நீ எதிர்பார்த்த பதில் இதுவல்ல. வடக்கு வரிசை உயிரோடு இருக்கிறது. மத்தியானம் துவண்டு கிடந்த இலைகள் விடியலில் அளந்தபோது தேறியிருந்தன. தண்ணீர் இல்லாததால் அவை சுருண்டு தங்களைக் காத்துக்கொள்கின்றன. கிணற்றுப் பக்கத்துப் பச்சை மரங்கள்தான் விடியலிலும் தேறவில்லை. உன் கிணற்று நீர் உப்பு. அதை நிறுத்து.

அக்கா
ரவ்தா


ஸர்ஸீஸ்,
20 ஜூலை

அக்கா,

தலை சுற்றுகிறது. பச்சை மரம் சாகிறதாம், சாம்பல் மரம் பிழைத்திருக்கிறதாம். காப்பிக் கடையில் இதைச் சொன்னேன். "படிச்ச படிப்புல உங்க அக்காவுக்குக் கண்ணு தலைகீழாத் தெரியுதுடா" என்று லம்ஜத் கத்த, கடையே சிரித்தது. ஜலீலாவோ, "தண்ணிய நிறுத்து, இல்ல ஊத்து. ரெண்டுல ஒண்ணு செய். வாளியோட நின்னுக்கிட்டே இருக்காத" என்கிறாள். ஒருநாள் நிறுத்துகிறேன், மறுநாள் ஊற்றிவிடுகிறேன்.

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. நான் போகக்கூடாது என்பதற்காகத்தான் உயிர் இருக்கிறது என்கிறாயோ?

பொறுக்க முடியவில்லை. உயிர் இருக்கிறதா என்று வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று, லம்ஜதின் ரம்பத்தை வாங்கி, வடக்கு வரிசையில் ரொம்ப மோசமாக இருந்த ஒன்றை அடியோடு அறுத்தேன். உள்ளே ஈரம், அக்கா. பட்டைக்கு அடியில் இளம்பச்சை. தொட்ட விரல் பிசுபிசுத்தது. பக்கத்தில் நின்று பார்த்த லம்ஜத் ரம்பத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்வது?

ஷாத்லி


ஸ்ஃபாக்ஸ்,
2 ஆகஸ்ட்

ஷாத்லி,

உன் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்தில் ஒன்று எழுதிக் கிழித்துப் போட்டேன். இது அடுத்தது.

மரம் உயிரோடு இருக்கிறது என்றுதான் எழுதினேன். நீ ஊரிலேயே இருந்தாக வேண்டும் என்று எழுதவில்லை. ஆனால் நீ சந்தேகப்பட்ட பிறகு என்னையே கேட்டுப் பார்க்கிறேன்: தம்பி போகாமல் இருந்தால் நல்லது என்று உள்ளுக்குள் நினைத்தேனா? நினைத்திருப்பேன். அதையும் அளந்து சொல்ல ஒரு கருவி இருந்தால் தேவலை. அளவில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அதை நம்பு.

போவதானால் போ, தம்பி. தோப்பு என் பெயரிலும்தானே இருக்கிறது, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். மரம் செத்தால்தான் போகலாம் என்று உன்னிடம் யார் சொன்னது?

அறுத்த மரத்தின் வேரைத் தோண்டிவிடாதே. அடிக்கட்டையைச் சுற்றி மண் அணைத்து வை. ஆலிவ் கீழிருந்து துளிர்க்கக் கூடியது. துளிர்க்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

ரவ்தா


ஸர்ஸீஸ்,
19 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

கப்பல் போய்விட்டது. நான் ஏறவில்லை.

ஏன் என்று கேட்காதே. பெட்டியோடு துனிஸ் துறைமுகம் வரைக்கும் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் ஏறினார்கள், பின்னால் நின்றவர்களும் ஏறினார்கள். நான் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து கதவைத் தட்டினால், "நீயா வந்தியா, இல்ல கப்பல்தான் உன்ன விட்டுட்டுப் போச்சா?" என்று ஜலீலா கேட்டாள். மச்சான் அடுத்த மாதமாவது வரச் சொல்கிறார். போவேனோ என்னவோ.

கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டேன். பச்சை வரிசை பாதி இலையைக் கொட்டிவிட்டது. நீ சொன்னது சரி என்று சந்தோஷப்படத் தோன்றவில்லை. அறுத்த மரத்தின் அடிக்கட்டை அப்படியேதான் இருக்கிறது, இன்னும் துளிர் இல்லை. தினமும் போய்க் குனிந்து பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்துவிடு. ஜலீலா மீன் போட்டுக் கூஸ்கூஸ் செய்வாள். நான் என்ன செய்யட்டும் என்று கேட்கமாட்டேன். நீயும் சொல்லிவிடாதே. சும்மா வந்து இரு.

ஷாத்லி